தேய்மானக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை. தாம்பரத்தில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். மணி எட்டரை இருக்கும். கேட் திறக்கும் சத்தம். அக்கா மகள். தோளில் பை, கையில் காலி டிபன் பாக்ஸ். நைட் டூட்டி முடிந்து வருகிறாள்.

'வாங்க மாமா, எப்ப வந்தீங்க?' என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவள் கண் பாதி மூடிவிட்டது.

29 வயது. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். ஏழு வருஷ சர்வீஸ். மாதத்தில் எட்டு நாள், சில மாதம் பத்து நாள் நைட். கல்யாணமாகி நாலு வருஷம். இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் கலைந்துவிட்டது. இரண்டாவது கலைந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதிலிருந்து தேறுவதற்காக அம்மா வீட்டுக்கு வந்தவள், இங்கிருந்தே திரும்பவும் டூட்டிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள்.

குளித்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அக்கா உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். இவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

'மாமா, நீங்கதான் எல்லாத்தையும் படிக்கிறீங்களே... ஒண்ணு கேக்கட்டுமா? நைட் டூட்டியாலதான் எனக்கு நிக்க மாட்டேங்குதா?'

'டாக்டர் என்னம்மா சொல்றாங்க?'

'ஸ்ட்ரெஸ்ஸைக் குறைச்சுக்கோங்கன்னு சொல்றாங்க. அத்தை, ஜாதகத்துல தோஷம்னு சொல்றாங்க. அவரு, வேலையை விட்டுடேன்னு சொல்றாரு. ஆளுக்கு ஒண்ணு.'

அடுப்படியில் தோசைக் கரண்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது. அக்காவும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று புரிந்தது.

'படிச்சுட்டுச் சொல்றேம்மா' என்றேன்.

நர்ஸுக்குத் தெரியாததா என்று நீங்கள் கேட்கலாம். அடுத்தவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளத்தான் அவளுக்குப் பாடம் எடுத்தார்கள். அவள் உடம்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்கவில்லை. நானோ பி.காம். படித்தவன். டெபிட், கிரெடிட் தவிர வேறு அறிவியல் தெரியாது. ஆனாலும் வாக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். படித்ததை உங்களிடமும் சொல்கிறேன். ஏனென்றால், படிக்கப் படிக்க இது என் அக்கா மகளின் கேள்வி மட்டுமில்லை என்று தெரிந்துவிட்டது.

நம் தலைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. கதையில்லை, நிஜமாகவே இருக்கிறது. மூளையின் அடிப்பக்கத்தில், அரிசி மணி அளவுகூட இல்லாத ஓர் இடத்தில், சுமார் 20 ஆயிரம் நரம்பு செல்கள் சேர்ந்து 24 மணி நேரக் கணக்கை வைத்துக்கொள்கின்றன. எப்போது தூங்கணும், எப்போது பசிக்கணும், எந்த ஹார்மோன் எந்த நேரத்தில் சுரக்கணும் என்று நேரம் சொல்வது அதுதான். இந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானிகள் மூன்று பேருக்குத்தான் 2017-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள்.

கடிகாரம் என்று இருந்தால் யாராவது முள்ளைத் திருப்பி நேரம் சரிசெய்ய வேண்டுமல்லவா? அந்த வேலையை வெளிச்சம் செய்கிறது. நம் கண்ணுக்குள், பொருள்களைப் பார்க்க உதவும் செல்கள் தவிர, 'இப்போது பகலா, இரவா' என்று மூளைக்குத் தகவல் அனுப்புவதற்காகவே தனியாகச் சில செல்கள் இருக்கின்றன. அவை நீல நிற ஒளிக்கு ரொம்பவும் மசியும். இது தெரிந்தே சுமார் கால் நூற்றாண்டுதான் ஆகிறது.

இருட்டியதும் மூளையில் பீனியல் என்ற சின்னச் சுரப்பி, மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 1958-ல் ஆரோன் லெர்னர் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் பிரித்தெடுத்தது. 'ராத்திரி வந்தாச்சு' என்று உடம்பு பூராவும் தண்டோரா போடுவது இதுதான். வெளிச்சம் பட்டால் தண்டோரா நின்றுவிடும். 1980-ல் நடந்த ஒரு பரிசோதனையில், நடு ராத்திரி பளிச்சென்ற விளக்கு போட்டதும் மனிதர்களின் ரத்தத்தில் மெலடோனின் சரசரவென்று இறங்கியதைப் பார்த்தார்கள். அவ்வளவு பிரகாசம்கூடத் தேவையில்லை, வீட்டு விளக்கே அதைக் குறைக்கும் என்பது பிறகு தெரிந்தது.

பௌர்ணமி நிலா வெளிச்சத்தை அளந்தால் ஒரு லக்ஸ்கூட வராது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசி மருந்தை அளந்து எடுக்கிற மேஜைக்குச் சில நூறு லக்ஸ் வேண்டும். மனிதன் தோன்றிய நாளிலிருந்து ராத்திரிக்கு நிலாவும் நெருப்பும்தான். எடிசன் பல்பு எரிந்தது 1879-ல். நம் உடம்பைப் பொறுத்தவரை அது நேற்று சாயங்காலம்.

சரி, இதற்கும் பிள்ளைப்பேறுக்கும் என்ன சம்பந்தம்?

பெண்ணின் மாதச் சுழற்சி என்பதே ஒரு டைம் டேபிள். மூளையிலிருந்து ஓர் உத்தரவு வந்து, அது பிட்யூட்டரி சுரப்பிக்குப் போய், அங்கிருந்து சினைப்பைக்குப் போய், கருமுட்டை வெளியே வருகிறது. அந்தக் கடைசி உத்தரவைக் கொண்டுபோகும் ஹார்மோன் பெரும்பாலான பெண்களுக்குப் பின்னிரவிலிருந்து விடியற்காலைக்குள்தான் எழும்ப ஆரம்பிக்கிறது. அதாவது, உடம்பு தூங்கிக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து. கருமுட்டையைச் சுற்றியிருக்கும் திரவத்தில் மெலடோனின் இருக்கிறது, அதுவும் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாக. முட்டையைச் சிதைவிலிருந்து காப்பது அதன் வேலைகளில் ஒன்று என்கிறார்கள். கர்ப்ப காலத்தில் தாயின் மெலடோனின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகிறது. வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு ராத்திரி எது என்று சொல்வது அம்மாதான்.

அந்த அம்மா ராத்திரி முழுக்க டியூப் லைட்டுக்கு அடியில் நின்றால்?

அமெரிக்காவில் நர்ஸுகளை வைத்தே பல பத்தாண்டுகளாக ஒரு பெரிய ஆய்வு நடத்திவருகிறார்கள். அதில் சுமார் 71 ஆயிரம் நர்ஸுகளின் விவரங்களை வைத்து 2011-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பகலும் இரவுமாக மாறி மாறி ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு மாதவிலக்கு முன்னே பின்னே ஆவது அதிகமாக இருந்தது. எத்தனை மாதம் அப்படிப் பார்த்தார்களோ, அத்தனைக்கு அதிகம்.

டென்மார்க்கில் 2019-ல் வந்த ஆய்வு இன்னும் நேரடியானது. அரசுப் பணியில் இருந்த, பெரும்பாலும் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த, 22,744 கர்ப்பிணிகள். எந்தெந்த நாள் நைட் பார்த்தார்கள் என்பதைச் சம்பளக் கணக்கிலிருந்தே எடுத்தார்கள். வாயால் சொன்னதை நம்பவில்லை. எட்டாவது வாரம் தாண்டிய பிறகு, ஒரு வாரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேல் நைட் பார்த்தவர்களுக்கு, அடுத்த வாரத்தில் கரு கலையும் அபாயம் மற்றவர்களைவிட 32 சதவிகிதம் அதிகமாக இருந்தது.

இங்கே கொஞ்சம் நிதானிக்கணும். 32 சதவிகிதம் என்றதும் 'நூற்றுக்கு 32 பேருக்குக் கலைந்துவிடும்' என்று படித்துவிடாதீர்கள். 100 ரூபாயாக இருந்த அபாயம் 132 ரூபாயாகிறது என்று அர்த்தம். நைட் டூட்டியே பார்க்காத பெண்களுக்கும் கரு கலைகிறது. தெரிந்து உறுதியான கர்ப்பங்களிலேயே பத்தில் ஒன்று, சில கணக்கில் ஐந்தில் ஒன்றுகூடக் கலைகிறது. தொடக்கத்தில் கலைவதில் பாதியோ அதற்கு மேலோ குரோமோசோம் கோளாறால். அதற்கு யாரும் பொறுப்பில்லை. இன்னொரு பக்கம், வருஷக்கணக்கில் நைட் பார்த்து இரண்டு மூன்று பெற்று, அந்தப் பிள்ளைகளை இன்ஜினீயரிங் படிக்கவைத்த நர்ஸ் அம்மாக்களை எனக்கே தெரியும்.

ஆக, 'நைட் டூட்டியாலதானா?' என்ற கேள்விக்கு அறிவியல் தருகிற பதில்: 'ஆயிரம் பேரைப் பற்றிச் சொல்ல முடியும். உன்னைப் பற்றிச் சொல்ல முடியாது.'

இது வரைக்கும் படித்ததும் எனக்கு ஒரு பயம் வந்தது. இதை எழுதலாமா?

எழுதினால் முதலில் யார் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். 'பாத்தியா, பேப்பர்லயே போட்டிருக்கான்' என்று மருமகள் முன்னால் நீட்டும் மாமியார். 'பொண்ணு வேலைக்குப் போய்க் கிழிச்சது போதும்' என்று சொல்லக் காத்திருக்கும் அப்பா. பெண்ணின் உடம்பைக் காரணம் காட்டி அவளை வீட்டுக்குள் உட்காரவைப்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை, உலகப் பழக்கம்.

சரித்திரத்தைப் பாருங்கள். பெண்கள் தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்க்கக் கூடாது என்று 1906-லேயே ஐரோப்பிய நாடுகள் சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரில் கூடி ஒப்பந்தம் போட்டன. 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பிறந்தபோது, அதன் முதல் சில விதிகளில் ஒன்றே இதுதான். வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1921-ல், இந்தியாவும் கையெழுத்துப் போட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம், 66-வது பிரிவில், பெண்களுக்குக் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஏழு மணி வரைதான் வேலை என்று எழுதிவைத்தது.

நல்ல எண்ணம்தான். ஆனால், ஒரு விஷயம் இடிக்கிறது. அந்தச் சட்டம் தொழிற்சாலைக்கு மட்டும். நர்ஸுக்குக் கிடையாது. ஆயாவுக்குக் கிடையாது. நாள் முழுக்க உழைத்துவிட்டு ராத்திரி பிள்ளைக்குப் பால் கொடுத்து, விடியுமுன் எழுந்து மாவாட்டிய அம்மாக்களுக்கும் கிடையாது. இரவு பெண்ணின் உடம்புக்கு ஆகாது என்றால், நர்ஸ் என்ன இரும்பிலா செய்தவள்? நல்ல கூலி கிடைக்கிற இடத்தில் 'உன் உடம்புக்கு ஆகாதும்மா' என்றோம். நமக்குச் சேவை தேவைப்பட்ட இடத்தில் 'தியாகத் திலகம்' என்று கையில் விளக்கைக் கொடுத்தோம்.

2000-ம் வருஷம் டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று சொன்னது. பெண் என்ற ஒரே காரணத்துக்காக வேலையை மறுப்பது சமத்துவம் ஆகாது என்றது. கூடவே நிபந்தனைகளும் போட்டது. பெண்கள் கூட்டமாகத்தான் வேலை பார்க்கணும், வண்டி வசதி வேண்டும், ஓய்வறை, மருத்துவ வசதி வேண்டும், ஷிஃப்ட் மாறும்போது 12 மணி நேர இடைவெளி வேண்டும் என்றெல்லாம். அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு கால் சென்டர்கள் வந்தன. 2005 டிசம்பரில் பெங்களூரில் ராத்திரி வேலைக்குக் கிளம்பிய ஒரு கால் சென்டர் பெண், கூப்பிட வந்த டிரைவராலேயே கொல்லப்பட்டாள். நாடே அதிர்ந்தது. அதிலிருந்து 'பெண்களின் இரவுப் பாதுகாப்பு' என்றால் கேப், காவலாளி, கேமரா என்று ஆகிப்போனது. அவையெல்லாம் வேண்டாம் என்று யார் சொன்னது? கட்டாயம் வேண்டும். ஆனால், ராத்திரியிடமிருந்து காப்பாற்றுவது என்றால் ஆம்பிளைகளிடமிருந்து காப்பாற்றுவது என்று மட்டும் அர்த்தம் செய்துகொண்டோம். கேப் அவளைப் பத்திரமாக வாசலில் கொண்டுவந்து விடுகிறது. வாசலைத் தாண்டி டியூப் லைட்டுக்கு அடியில் உட்கார்ந்த பிறகு அவள் உடம்புக்கு என்ன ஆகிறது என்று கேமராவில் தெரியாது.

இப்போது புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. பெண் சம்மதித்தால், பாதுகாப்பு, விடுமுறை, வேலை நேரம் பற்றிய நிபந்தனைகளோடு, இரவு ஏழு மணிக்கு மேலும் வேலை பார்க்கலாம்.

சம்மதம். இந்தச் சொல்லில்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம்.

பேங்க்கில் கடன் வாங்கப் போகிறோம். வட்டி எவ்வளவு என்று சொல்லாமல் 'சம்மதம்தானே, கையெழுத்துப் போடுங்க' என்றால் போடுவோமா? நைட் ஷிஃப்ட்டுக்குக் கையெழுத்து வாங்கும்போது எத்தனை நிர்வாகங்கள், 'அம்மா, இதனால் உன் மாதச் சுழற்சி பாதிக்கலாம், உண்டாகியிருக்கும்போது வாரம் இரண்டு நைட் வேண்டாம்' என்று எடுத்துச் சொல்கின்றன? அக்கா மகளிடம் கேட்டேன். 'சம்மதமா? ரோஸ்டர் போர்டுல பேரு இருக்கும் மாமா. பாத்துட்டு வர வேண்டியதுதான்' என்று சிரித்தாள். தெரியாமல் கொடுத்தது சம்மதமா? வீட்டுக் கடன் தவணைக்குப் பயந்து கொடுத்தது சம்மதமா? 'மாட்டேன்' என்று சொன்னால் வேலை போகும் என்கிற இடத்தில் 'சரி' என்று சொன்னால் அதற்கு என்ன பெயர்?

பழைய சட்டம் 'நீ வராதே' என்றது. புதுச் சட்டம் 'உன் இஷ்டம்' என்கிறது. இரண்டிலும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. இரண்டிலும் நஷ்டம் அவளுக்குத்தான். முன்பு அவள் சம்பளத்தில் போனது. இப்போது உடம்பில் போகிறது.

இங்கேதான் என் பி.காம். படிப்பு கைகொடுத்தது.

கணக்குப் பதிவியலில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. ஒரு கம்பெனி மெஷின் வாங்குகிறது. ஓட ஓட அது தேயும். அந்தத் தேய்மானத்தை வருஷா வருஷம் செலவாக எழுதித்தான் லாபத்தைக் கணக்கிட வேண்டும். எழுதாமல் லாபம் காட்டினால் அது பொய்க் கணக்கு. இதில் இன்னொரு விசேஷம் இருக்கிறது. 2013-ம் வருஷக் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். சில விதிவிலக்குகள் தவிர, ஒரு மெஷின் இரண்டு ஷிஃப்ட் ஓடினால் அந்தக் காலத்துக்குத் தேய்மானத்தை 50 சதவிகிதம் கூட்டி எழுதணும். மூன்று ஷிஃப்ட் ஓடினால் 100 சதவிகிதம் கூட்டணும். அதாவது, ராத்திரியும் ஓடுகிற மெஷின் சீக்கிரம் தேய்ந்துபோகும் என்பது நம் நாட்டுச் சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு தேயும் என்று சதவிகிதம் போட்டே எழுதிவைத்திருக்கிறது.

அந்த மெஷினுக்குப் பக்கத்தில் ராத்திரி பூரா நிற்கிற பெண்ணுக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது.

நைட் அலவன்ஸ் கொடுக்கிறோமே என்பார்கள். அது ஆட்டோ காசுக்கும் டீ காசுக்கும் சரியாக இருக்கும். அந்தத் தேய்மானம் எங்கே போய்ப் பதிவாகிறது தெரியுமா? அவள் வீட்டுக் கணக்கில். கருத்தரிப்பு மையத்து பில்லில். பரிகாரத்துக்குப் போன கோயில் ரசீதில். 'இன்னும் விசேஷம் இல்லையா?' என்று கல்யாண மண்டபத்தில் கேட்கிறவர்களுக்கு அவள் சிரிக்கிற சிரிப்பில். ஆஸ்பத்திரியோ கம்பெனியோ செய்த செலவு, ஒரு பெண்ணின் குறையாக மாற்றி எழுதப்படுகிறது. அறுபது வருஷம் கழித்து யாராவது ஆடிட் செய்தாலும் கண்டுபிடிக்க முடியாதபடி சுத்தமான கணக்கு.

வேறு மாதிரி எழுத முடியாதா? முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை' என்ற பட்டியலில் 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறுபடி கூடி ஆராய்ந்து, இரவு ஷிஃப்ட்டை அதே பட்டியலில் வைத்தது. உறுதி என்று சொல்லவில்லை, அநேகமாக என்றுதான் சொன்னது. அந்த 'அநேகமாக' டென்மார்க்குக்குப் போதுமானதாக இருந்தது. பல வருஷங்கள் நைட் பார்த்து மார்பகப் புற்றுநோய் வந்த ஏறத்தாழ 40 பெண்களுக்கு அது வேலையால் வந்த நோய் என்று ஏற்று இழப்பீடு கொடுத்தார்கள் என்ற செய்தி 2009-ல் வந்தது. கருச்சிதைவு ஆய்வுக்குப் பிறகு, கர்ப்பிணிகளுக்கு வாரத்துக்கு ஒரு நைட்டுக்கு மேல் வேண்டாம் என்று அங்கே பரிந்துரைக்கிறார்கள். பெண்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. ராத்திரி ஆஸ்பத்திரியைப் பூட்டவும் இல்லை. கணக்கை எந்தப் பக்கம் எழுதணுமோ அந்தப் பக்கம் எழுதினார்கள், அவ்வளவுதான்.

'ஆம்பிளைங்களுக்கு மட்டும் நைட் நல்லதா சார்?' என்று கேட்பீர்கள். நியாயம். தூக்கம் கெடுவது, சர்க்கரை, இதயம் என்று அவர்களுக்கும் பட்டியல் இருக்கிறது. ராத்திரி யாருக்கும் இலவசமில்லை. அதனால்தான் தடை தப்பு என்கிறேன். தேய்மானம் எல்லோருக்கும் எழுதணும். ஆனால், பிள்ளையைச் சுமக்கிற வேலையை இயற்கை ஒருத்திக்குத்தான் கொடுத்திருக்கிறது. அதற்கென்று ஒரு வரி கூடுதலாக எழுதித்தான் ஆகணும்.

இரண்டு வாரம் கழித்துத் தாம்பரம் போனேன். அக்கா மகளிடம் படித்ததெல்லாம் சொன்னேன்.

'உனக்குக் கலைஞ்சதுக்கு நைட் டூட்டிதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. இல்லைன்னும் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு மட்டும் நிச்சயம். உன் தப்பு இதுல ஒண்ணுமே இல்லை. இரண்டு தடவை ஆயிடுச்சே, அதுக்குன்னு இருக்கிற டெஸ்ட் எல்லாம் டாக்டர்கிட்ட கேட்டு எடுத்துடு. வேலையை விட வேண்டாம். அடுத்து நாள் தள்ளிப்போன உடனே நைட் வேண்டாம்னு லெட்டர் வாங்கிக் கொடுத்துடு.'

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

'மாமா, மூணு மாசம் முடியாம வெளியில சொல்லக் கூடாதுன்னு அம்மாவும் சொல்றாங்க, அத்தையும் சொல்றாங்க. நீங்க சொல்ற அந்த எட்டாவது வாரம், பத்தாவது வாரம் எல்லாம் அதுக்குள்ளதானே வருது? சொல்லாம எப்படி நைட்டை மாத்தச் சொல்லிக் கேக்கறது? சொன்னா, போன தடவை மாதிரி ஆயிடுச்சுன்னா வார்டு பூரா பதில் சொல்லணும்.'

எந்த ஆய்வறிக்கையிலும் இது இல்லை. ஆபத்து எந்த வாரங்களில் அதிகமோ, அந்த வாரங்களில்தான் நம் வீடுகள் அவள் வாயைக் கட்டிப்போடுகின்றன. கண்ணு பட்டுடும் என்று. கண்ணை விடுங்கள், டியூப் லைட் பட்டுக்கொண்டிருக்கிறது.

'அது மட்டுமில்ல மாமா. என் நைட்டை யாரு பாப்பா? பக்கத்து வார்டுல இருக்கிற இன்னொரு பொண்ணுதான். அவளுக்கும் போன வருஷம்தான் கல்யாணம் ஆச்சு. எனக்காக அவ ரெண்டு நைட் சேத்துப் பாக்கணும். அது மட்டும் சரியா?'

நான் அவளைக் காப்பாற்ற வழி சொல்லிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அவள் கணக்கை இன்னும் ஒரு பக்கம் புரட்டிக் காட்டிவிட்டாள். ஆள் எண்ணிக்கையைக் கூட்டாமல் ஒருத்திக்குச் சலுகை கொடுத்தால், செலவு இன்னொருத்தி தலையில் விழும். நிர்வாகம் இரண்டு பேரையும் பார்த்து, 'உங்களுக்குள்ளே அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கம்மா' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். கூடுதலாக ஆட்களை எடுத்தால்தான் இது தீரும். கூடுதல் ஆள் என்றால் கூடுதல் செலவு. அது கடைசியில் நம் பில்லில்தான் வரும்.

வரட்டுமே. அதில் என்ன தப்பு?

மூன்று வருஷத்துக்கு முன் என் அம்மா ஐ.சி.யு.வில் பதினோரு நாள் இருந்தார். ராத்திரி இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பேன். ஒரு நர்ஸ் அம்மாவின் நாடியைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருப்பாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். 'தெய்வம்மா நீ' என்று கையெடுத்துக் கும்பிட்டேன். டிஸ்சார்ஜ் அன்று பில்லை மட்டும் வரிக்கு வரி சரிபார்த்தேன், பி.காம். ஆயிற்றே. ரூம் வாடகை இருந்தது, மருந்து இருந்தது, கையுறை எத்தனை ஜோடி என்றுகூட இருந்தது. அந்தப் பெண்ணின் பதினோரு ராத்திரிகள் எந்த வரியில் இருக்கின்றன என்று நான் தேடவில்லை. கும்பிட்டதோடு கடன் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தெய்வம் என்று சொல்லிவிட்டால் சௌகரியம். தெய்வத்துக்குத் தூக்கம் வேண்டாம், மாதவிலக்கு கிடையாது, பிள்ளை வேண்டும் என்று அது கேட்காது.

அன்றைக்கு நான் கிளம்பும்போது சாயங்காலம் ஆறரை. அக்கா மகள் தலை சீவி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்தாள். நைட் டூட்டி. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் சேர்ந்தே நடந்தோம். தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன.

'மாமா, நீங்க இதை எழுதுவீங்களா?' என்று கேட்டாள்.

'எழுதட்டுமா?'

'எழுதுங்க. பேரு போடாதீங்க. அப்புறம், வேலையை விட்டுடச் சொல்லி மட்டும் எழுதிடாதீங்க.'

எழுதவில்லை அம்மா. வேலையை நீ விட வேண்டியதில்லை. உன் ராத்திரியால் விடியலைப் பார்த்த நாங்கள்தான் கணக்கைத் திருத்தி எழுத வேண்டும்.